நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் நீ, "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் நவம்பரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. காகிதம் என்றால் படிப்பாய். தொழில் பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசித் தேதியன்று என் வார்டிலிருந்து பதினெட்டு ஒப்பந்த நர்ஸுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன அலையில், நோய்க்கு நடுவில் நின்று வேலை கற்றவர்கள். இப்போது நாற்பது படுக்கைக்கு ஒரு ஷிப்டுக்கு நான்கு பேர், என்னையும் சேர்த்து. அவர்கள் போன மறுவாரமே உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து 'அடுத்த அலைக்கான தயார்நிலைத் திட்டம்' வந்தது. அறுபத்து நான்கு பக்கம். முழுக்கப் படித்தேன். படுக்கை இருக்கிறது, வென்டிலேட்டர் இருக்கிறது, ஆக்சிஜன் குழாய்க்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது. நர்ஸ் என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. ஐந்து இடத்தில் நாங்கள் கை கழுவுகிறோம். ஆறாவது, அட்டைப் படத்துக்குக் கீழே.

உனக்கு வார்டு வேலை தெரியாது என்பதால் ஒன்று சொல்கிறேன். மூச்சுத் திணறும் ஆளைக் குப்புறப் படுக்க வைத்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று போகும். குழாய் மாட்டிய ஆளைத் திருப்ப நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலை, ஒருவர் குழாய், இரண்டு பேர் உடம்பு. ஒருவரைத் திருப்பும் நேரத்தில் மற்ற முப்பத்தொன்பது பேரை யார் பார்ப்பது? நீ கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அலை வருவதற்குள் அந்தப் பதினெட்டுப் பேரும் திரும்பி வர வேண்டும். கோப்பு உன் திட்டப் பிரிவில்தான் இருக்கிறது என்கிறார்கள். பார்த்துச் செய்.

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அங்கே உன் நலமும் அம்மாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்துக்கு எங்கள் அலுவலக உதவியாளர் பிரித்துப் பார்க்காமலே உள்வரவு எண் 212 போட்டு, 'நடவடிக்கைக்கு' என்று முத்திரை குத்திக் கொண்டுவந்து வைத்தார். "சார், புகார் மனு" என்றார். "புகார்தான், ஆனா எங்கக்கா" என்றேன். "அப்ப பதில் போட்டாகணுமே சார்" என்றார். போட்டுவிட்டேன்.

ஒப்பந்த நர்ஸுகள் விஷயம் உன் ஆஸ்பத்திரிக்கு மட்டும் நடந்ததல்ல. மேலிடத்து முடிவு. அதை 'அனுப்பிவிட்டார்கள்' என்று எழுதாதே, 'பணி நிறைவு' என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், வெறும் கடிதங்களை இங்கே யாரும் நம்புவதில்லை. எல்லா ஆஸ்பத்திரியும் ஆள் போதவில்லை என்றுதான் எழுதுகிறது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. மார்ச் மாதம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அலை வந்தது போல ஒத்திகை நடத்தி, கமிட்டி நூற்றுக்கு மதிப்பெண் போடப்போகிறது. வார்டு எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தவர்களிடம் பேசுவது சுலபம். நீ வேலை செய்து காட்டு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

அன்புத் தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். அம்மா மாடிப்படி ஏறவில்லை. ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் மாடி கிடையாது. நீ வந்து மூன்று வருஷம் ஆனதில் மறந்திருப்பாய்.

உன் யோசனையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு பேரை வைத்து ஒத்திகை செய்தால் கமிட்டி என்னத்தைப் பார்க்கும்? நாங்கள் ஓடுவதைத்தான் பார்க்கும். ஓடுகிறவர்களைப் பார்த்தால் சுறுசுறுப்பு என்று எழுதுவார்கள். அதனால் வீட்டுக்குப் போன பதினெட்டுப் பேரையும் அந்த ஒரு நாளைக்குக் கூப்பிடப்போகிறேன். பதினெட்டு ஜோடிக் கை என்ன செய்யும் என்பதைக் கமிட்டி பார்க்கட்டும். பிறகு, "இவர்களைத்தான் அனுப்பினீர்கள்" என்று சொல்வேன்.

முதலில் சுண்டெலியைப் பார்த்தேன். குள்ளம், வேகம், அதனால் வார்டில் அப்படி ஒரு பெயர். எந்த ரத்தக் குழாயும் அவளுக்கு ஒளிந்துகொள்ளாது. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் சட்டை மடிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும், "சும்மாவா சிஸ்டர்?" என்றாள். "சும்மாதான்" என்றேன். "திரும்ப எடுப்பாங்களா?" "என் தம்பி அங்கதான் இருக்கான்." "அப்ப சரி. எனக்கு வியாழக்கிழமை லீவு. வியாழக்கிழமையா வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

வியாழக்கிழமையாக வைக்க முடியுமா? நான் செய்யப்போவது சரியா என்றும் எழுது. வேண்டாம் என்றால் செய்யவில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "வேலை, வேலைன்னு அவனுக்கு எழுதி அலுப்பு தட்ட வைக்காத. சாப்பிட்டானான்னு கேளு" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் ஒத்திகை வியாழக்கிழமை என்று ஆணை வந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று நடந்தது. அலுவலகக் குமாஸ்தாக்கள், டிரைவர்கள், சமையல்கூடத்து ஆட்கள் என நாற்பது பேரை நோயாளியாகப் படுக்க வைத்தோம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பச்சை அட்டை. இந்த ஆளுக்கு இத்தனை நிமிடத்துக்குள் இன்னது செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நேரம் தவறினால் கமிட்டியின் பார்வையாளர் அட்டையைத் திருப்புவார். பின்பக்கம் கறுப்பு. ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம்.

தம்பி, ஒரு அட்டைகூடத் திரும்பவில்லை. பதினெட்டுப் பேரும் பழைய சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேரைக் குப்புறத் திருப்பினோம். சுண்டெலி ஒரு டிரைவருக்கு ஊசி போடுவது போல நடிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நிஜமாகவே குத்திவிட்டாள். அவர், "நடிப்புன்னுதானே சொன்னாங்க" என்று அலறினார். கமிட்டித் தலைவர் சிரித்து, 'உண்மைத்தன்மை' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. கை கழுவும் விளம்பரம் கோணலாக ஒட்டியிருந்ததால் மூன்று போயிற்று.

முடிவில் நான் பேச எழுந்தேன். எங்கள் கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார். அவருக்கு ரிப்பன் என்று பெயர். எதையாவது வெட்டித் திறந்துகொண்டே இருப்பார். இருபது நிமிடம் பேசினார். கமிட்டிக்கு அடுத்த ஊர் போக வேண்டியிருந்தது. பதினெட்டுப் பேர் விவரத்தைக் குறிப்புப் பதிவேட்டில் எழுதி, கமிட்டித் தலைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். படித்தாரா என்று தெரியாது. நீ படித்துவிட்டாய், அது போதும். இனி உன் பாடு.

நேற்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முப்பத்தெட்டு ஆஸ்பத்திரியின் மதிப்பெண்ணைத் தொகுக்கும் வேலை என் தலையில்.

முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறாய்? இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வார்டை நடத்துற அம்மா யாருய்யா?" என்று கேட்டார். "எங்கக்கா சார்" என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை அம்மாவிடம் சொல். உன் ஆஸ்பத்திரிக்கு 'மாதிரி மருத்துவமனை' என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். கேடயம் வரும். கண்காணிப்பாளர் வாங்கிக்கொள்வார்.

இந்த மாதம் முதல் எனக்கும் துணை இயக்குநர் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். தனி அறை. ஜன்னலைத் திறந்தால் வாகன நிறுத்தம்.

அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். நர்ஸுகள் கோப்பும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அன்புத் தம்பி

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். பதவி உயர்வு கேட்டு அம்மா குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். துணை இயக்குநர் என்றால் டாக்டருக்கு மேலேயா கீழேயா என்று கேட்டாள். பக்கத்தில் என்றேன்.

அறிக்கையைப் படித்தேன். பக்கம் ஒன்பதில் இப்படி இருக்கிறது: 'இம்மருத்துவமனை தற்போதுள்ள பணியாளர்களைக் கொண்டே முழுத் தயார்நிலையை எட்டியுள்ளது. கூடுதல் நியமனம் தேவையில்லை. பிற மருத்துவமனைகளும் இம்முறையைப் பின்பற்றலாம்.'

மூன்று தடவை படித்தேன். அழகான வாக்கியம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் நீ பரிசு வாங்கியது சும்மா இல்லை.

குறிப்புப் பதிவேட்டைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். குறிப்புகள் மதிப்பெண்ணில் சேராது என்று பதில் வந்தது. அதோடு, நான் கேட்காமலே, டிசம்பர் மாதத்துப் பணி நிறைவு ஆணையின் நகலையும் இணைத்திருந்தார்கள். ஆணையில் இயக்குநர் கையெழுத்து. இடது ஓரத்தில், வரைவு தயாரித்தவரின் சுருக்கொப்பம். அந்தச் சுழியை உன் பள்ளிக்கூட நோட்டிலிருந்தே எனக்குத் தெரியும். பிறகு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது.

என் மேலும் தப்பு இருக்கிறது. எனக்கு வேலையைக் கெடுத்துச் செய்யத் தெரியவில்லை.

வெயிலில் அலையாதே.

அக்கா

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இரு.

அலை வந்துவிட்டது, உனக்குத் தெரியும், நீதான் அறிவித்தாய். நாற்பது படுக்கையும் நிரம்பிவிட்டன, வராந்தாவில் பதினொன்று. மாதிரி மருத்துவமனை என்பதால் மூன்று ஊர்க்காரர்களை எங்களுக்கே அனுப்புகிறார்கள். ஷிப்டுக்கு நான்கு பேர். நேற்று மூன்று, ஒருத்தி தானே நோயாளியாகப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சுண்டெலி தானாக வந்தாள், பையில் சீருடையோடு. கேட்டில் காவலாளி விடவில்லை. 'அலைக் காலத்தில் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்ற சுற்றறிக்கையைக் காட்டினான். அவள், "நான் வெளியாள் இல்லப்பா, உள்ளாள். வேணும்னா உன் கையில ஒரு ஊசி போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "அக்கா, எனக்குத் தெரியும்க்கா, பேப்பருக்குத் தெரியல" என்றானாம். நான் கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டாள்.

அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும். 'பணி நிறைவு பெற்ற நர்ஸுகள் நீங்கலாக.' ஐந்து சொல். துணை இயக்குநரே சேர்க்கலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்கா

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே நினைப்பு. கட்டுப்பாட்டு அறையில் இருந்து எழுதுகிறேன். சுவர் முழுக்கத் திரை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு விளக்கு. உன்னுடையது பச்சை. களைத்துப்போகும்போது அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

சுற்றறிக்கையில் ஒரு விதிவிலக்கு கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். மேலும், கூடுதல் நியமனம் தேவையில்லை என்று அறிக்கையே இருக்கும்போது நான் எந்த முகத்தோடு குறிப்பு எழுதுவது? கொஞ்ச நாள் பொறு. கோப்பு நகர்கிறது.

அம்மாவை வெளியே விடாதே. அவளை உன்னிடம் விட்டிருப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாக வேலை செய்கிறேன்.

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

போனில் மூன்று சொல்தான் சொன்னேன். மீதி இது.

அம்மாவுக்கு ஆறாம் தேதி காய்ச்சல். யாரிடமிருந்து தொற்றியது என்று கேட்காதே. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், வெளியே போய்வந்தது நான் ஒருத்திதான். அன்றே வார்டில் சேர்த்தேன். இருபத்திரண்டாம் படுக்கை. நன்றாகத்தான் இருந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "எம்பொண்ணுதான் இங்க பெரிய நர்ஸு. கூப்பிட்டா மட்டும் வரமாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி. ஏழாம் படுக்கையில் ஒரு ஆசிரியர், குழாய் மாட்டியவர், நிறம் மாறிக்கொண்டிருந்தார். திருப்ப வேண்டியிருந்தது. நான்கு பேரும் அங்கே. நான் தலை. தலையைப் பிடித்தவள் கையை எடுத்தால் குழாய் கழன்றுவிடும். அப்போது அலாரம் அடித்தது. எந்தப் படுக்கை என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். திருப்பி முடிக்கப் பதினோரு நிமிடம்.

அம்மாவின் ஆக்சிஜன் மாஸ்க் கழுத்துக்கு இறங்கியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரி கையை நீட்டியிருக்கிறாள், எட்டவில்லை.

ஆசிரியர் பிழைத்தார். புதன்கிழமை வீட்டுக்குப் போனார். வேறு யாராவது ஒருத்தி இருந்திருந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஒரு வேலை பாக்கி. இறப்புத் தணிக்கைப் படிவம், உங்கள் பிரிவு தயாரித்தது. காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டம்: தாமத வருகை, இணைநோய், நோயாளி ஒத்துழையாமை, இதர. 'இதர'வுக்கு முன் அனுமதி வேண்டும். நர்ஸ் இல்லை என்று ஒரு கட்டம் இல்லை. மேலே உறவினர் கூற்று, அவர் கையெழுத்து. வார்டில் வேலை செய்பவர் உறவினராகக் கையெழுத்திடக் கூடாதாம். ஆகவே நான் மகள் இல்லை. நீ மகன். கீழே, ஏற்கும் அதிகாரி கையெழுத்து. அதுவும் நீதான். காலியாக அனுப்புகிறேன்.

அக்கா

ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? சாப்பிடு. நான் வந்திருக்க வேண்டும். வந்திருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா என்னைக் கேட்டாளா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

படிவத்தை இணைத்திருக்கிறேன்.

அலை இறங்கிவிட்டது. அடுத்ததற்கான ஒத்திகை ஆகஸ்ட் பதினெட்டு. போன முறை போலவே அந்தப் பதினெட்டுப் பேரையும் கூப்பிட்டுக்கொள். தொண்ணூற்றேழுக்குக் குறைந்தால் மாதிரி மருத்துவமனை என்ற பெயர் போய்விடும். அலைக் காலத்துக் கணக்கையெல்லாம் மறுபடி தோண்டுவார்கள். எனக்காக இதைச் செய். நர்ஸுகள் விஷயத்தை அதற்கப்புறம் கட்டாயம் பார்க்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் அப்படியே இருப்பாய்.

படிவம் கிடைத்தது. மேலே உறவினர் கூற்றில், 'வார்டில் போதிய நர்ஸ் இல்லாததால் என் தாயார் இறந்தார்' என்று எழுதி, மகன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கீழே, 'உறவினர் கூற்று ஏற்கப்படவில்லை. காரணம்: தாமத வருகை' என்று எழுதி, துணை இயக்குநர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இரண்டுக்கும் ஒரே பேனா. குடியிருப்பிலிருந்து வார்டுக்கு எண்பது அடி. சரி, கோப்பில் சேர்த்துவிட்டேன்.

நேற்று முன்தினம் ஒத்திகை முடிந்தது. பதினெட்டுப் பேரை நான் கூப்பிடவில்லை. சுண்டெலி வழியில் பார்த்து, "இந்தத் தடவையும் வரணுமா சிஸ்டர்?" என்றாள். "நீ சட்டையை மடி" என்றேன். இருக்கிற நான்கு பேரை வைத்தே செய்தோம். ஓடவில்லை. நிஜ நாளில் எப்படி நடந்தோமோ அப்படி நடந்தோம். ஒருவரைத் திருப்பும்போது நான்கு பேரும் அங்கேயே நின்றோம்.

குமாஸ்தாக்கள் இந்த முறை அந்தப் படுக்கைகளில் படுக்கப் பயந்தார்கள். ஆள் குறைந்ததால் ரிப்பனே பன்னிரண்டாம் படுக்கையில் படுத்து, போட்டோகிராபரை அருகில் நிறுத்திக்கொண்டார். பதினொன்று நாற்பதுக்குப் பார்வையாளர் வந்து அவர் அட்டையைத் திருப்பினார். இவர் எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டர், நான் இன்னும் இருக்கேன்" என்றார். பார்வையாளர், "படுங்க சார், நீங்க போய் ஆறு நிமிஷமாச்சு" என்றார்.

நாற்பது பேரில் முப்பத்தொன்று கறுப்பு. மதிப்பெண் இருபத்திரண்டு. கை கழுவும் விளம்பரத்தை நேராக ஒட்டியிருந்தோம். அதற்கு முழு மதிப்பெண்.

ஒத்திகையிலும் எல்லாப் படிவங்களும் உண்மை போலவே நிரப்பப்பட வேண்டும் என்பது உன் திட்டத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம். நிரப்பிவிட்டேன். முப்பத்தொன்று இறப்புத் தணிக்கைப் படிவங்கள் இத்துடன் இருக்கின்றன. 'இதர' கட்டத்தில் முன் அனுமதி இல்லாமல் 'நர்ஸ் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். ஒரு நகல் கமிட்டிக்கும் ஒரு நகல் இயக்குநருக்கும் நேற்றே போய்விட்டது.

நடித்தவர்களுக்கு உறவினர் கிடையாது. அதனால் மேலே உள்ள இடம் காலி. ஒவ்வொன்றிலும் உனக்கு ஒரு கையெழுத்துதான்.

உன் அக்கா